முப்பத்தெட்டு கையெழுத்துகள்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு அரைமில்லி என்று பெயர். வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதம், ஆஸ்பத்திரி பிளான் ஒன்றில் ஒரு சுவர்க்கோடு அரை மில்லிமீட்டர் உள்ளே வந்திருந்ததைக் கண்டுபிடித்தாள். தாளில் அரை மில்லி என்றால் தளத்தில் ஐந்து சென்டிமீட்டர். அப்படியே கட்டியிருந்தால் அந்த நடைவழியில் ஸ்ட்ரெச்சர் திரும்பியிருக்காது. மேஸ்திரிகள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

நானும் அவளும் படிப்பை முடித்துவிட்டு ஒரே வாரத்தில் அங்கே சேர்ந்தவர்கள். பட்டம் வாங்கினால் மட்டும் ஆர்க்கிடெக்ட் ஆகிவிட முடியாது. பதிவு பெற்ற ஒருவரின் கீழ் மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும். எந்த வேலையில் எத்தனை மணி நேரம் என்று ஆறு மாதத்துக்கொரு முறை படிவம் எழுதி, அவர் கையெழுத்தோடு பதிவுக் குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆறு படிவம் சேர்ந்தால் தேர்வு எழுதலாம். தேறினால் உரிமம், நம் பெயரில் ஓர் எண், ஒரு சீல். அந்த சீல் இல்லாமல் நாய்க்கூண்டுக்குக்கூட அனுமதி வாங்க முடியாது.

எனக்கு வாய் பெரிது. படிவத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு எங்கள் முதலாளி சார் மேஜை முன்னால் போய் நின்றுவிடுவேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார். உறையில் போட்டு ஒட்டி வாங்கிய பிறகுதான் நகர்வேன். அரைமில்லி அப்படியில்லை. கட்டம் கட்டமாக மணிக்கணக்கு எழுதி, கிளிப் மாட்டி, சாருடைய தட்டில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். போய்க் கேளேன் என்றால், வேலையை விட்டு ஓட அவசரப்படுவதாக நினைத்துக்கொள்வார் என்பாள். சாரும் கெட்டவர் இல்லை. அவள் பிரசவத்துக்கு நாலு மாதம் முழுச் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்தவர்.

என் ஆறாவது படிவத்துக்காகப் போய் நின்ற அன்று அவளுடையதைப் பற்றியும் கேட்டேன்.

“அவ கையில லைசென்ஸ் வந்தா மறுநாளே போயிடுவா. அப்புறம் இந்த ஆபீஸ யாரு நடத்துறது?” என்று சிரித்தார்.

அவர் பேனா அப்போது என் தாளின் மேல் இருந்தது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். தேறியதும் இரண்டு அறை பிடித்துத் தனியாக அலுவலகம் போட்டேன். அதன்பிறகு சொல்லாமல் இருந்ததற்கு ஒரு காரணமும் இல்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவள் பத்தொன்பது வருடம் அங்கேயே இருந்தாள். பள்ளிக்கூடங்கள், கிளினிக்குகள், ஒரு நீதிமன்றம் என எல்லாம் அவள் கையில் உருவாகி, சார் எண்ணில் வெளியே போயின. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவள் கணவர், “ஊர்ல பாதிக் கட்டடம் என் பொண்டாட்டியோடது. கையெழுத்து மட்டும் வேற ஆளு” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவளும் சிரிப்பாள். ஆறு மாதத்துக்கொரு முறை தவறாமல் படிவத்தை மட்டும் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தாள். பார்க்கிறேன்மா என்று சார் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் காலை, தளத்தில் அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது சார் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. உரிமம் உள்ளவர் வேறு யாரும் இல்லாததால் ஒரே மாதத்தில் அலுவலகத்தை மூடினார்கள். அறையைக் காலி செய்த அன்று சாருடைய மனைவி அவளைக் கூப்பிட்டு ஒரு கனமான உறையைக் கொடுத்தார். உள்ளே முப்பத்தெட்டு படிவங்கள். எல்லாவற்றிலும் சார் கையெழுத்து, அந்தந்த ஆறு மாதத்துத் தேதியோடு. ஒன்றைக்கூட அனுப்பவில்லை.

“அனுப்பணும் அனுப்பணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரும்மா” என்றாராம் அந்த அம்மா.

மறுநாளே பதிவுக் குழு அலுவலகத்துக்குப் போனாள். துணைக்கு என்னையும் கூப்பிட்டாள். நாலாவது ஜன்னலில் இருந்த பெண் பொறுமையாக ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பார்த்தார். எழுந்து உள்ளே போய் மேலதிகாரியிடமும் கேட்டுவிட்டு வந்தார்.

“கையெழுத்துல சந்தேகமே இல்லம்மா. ஆனா ஒரு வருஷத்துக்குள்ள எங்ககிட்ட வந்திருக்கணும். கடைசி ரெண்டத்தான் எடுத்துக்க முடியும்.”

பத்தொன்பது வருட வேலை ஒரு வருடமாகச் சுருங்கிப்போனது. மேல்முறையீடும் செய்தோம், அதே பதில்தான்.

அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். என் அலுவலகத்துக்கு வந்துவிடு, இரண்டு வருடம் நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அவள் உறையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

“அவரு படிவத்த வேணும்னே பிடிச்சு வச்சிருந்தாருன்னு உனக்கு முன்னாடியே தெரியுமாடி?”

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. சார் சொன்னதையும், பேனா எங்கே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

உறையின் வாயை மடித்து மூடினாள். “நீ சொல்லியிருந்தாலும் நான் போய்க் கேட்டிருப்பேனான்னு தெரியல,” என்றாள். “ஆனா கேக்கறதா வேணாமான்னு நான்ல முடிவு பண்ணியிருக்கணும்.”

பஸ் வந்தது. அவள் ஏறிப் போனாள். நான் அடுத்த பஸ்ஸில் போனேன்.

என்னிடம் வேலைக்கு வரவில்லை. தன்னைவிடப் பத்து வயது இளையவர் ஒருவரின் அலுவலகத்தில் சேர்ந்தாள். அங்கே அவள் வரைந்ததை அவர் திருத்தினாராம். சில இடங்களில் திருத்தியது தப்பு என்று தெரிந்தும் பேசாமல் இருந்தாளாம். ஆனால் ஆறாவது மாதம் முடிந்த அன்றே அவர் மேஜை முன்னால் போய் நின்று கையெழுத்துக் கேட்டிருக்கிறாள். இதெல்லாம் அவள் கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தேர்வில் சட்டத் தாளில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தேறினாள். உரிமம் வந்தபோது நாற்பத்தாறு வயது.

இப்போது வீட்டு முன்னறையில்தான் அவள் அலுவலகம். மாடி எடுப்பது, கடையைப் பிரிப்பது, சரிவுப்பாதை சேர்ப்பது என்று வேலைகள் வருகின்றன. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி மாதிரிப் பெரிய வேலைகளுக்கெல்லாம் பதிவாகிப் பத்து வருடம் ஆனவர்தான் விண்ணப்பிக்க முடியும். அவளுக்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது.

சான்றிதழ் வந்த அன்று அதைப் படம் எடுத்து, பழைய அலுவலகத்தார் எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள், எனக்கும். உடனே கூப்பிட்டேன். நன்றாகத்தான் பேசினாள். சீல் எங்கே செய்யக் கொடுத்தீங்க, மை பரவாம இருக்குமா என்று கேட்டாள். பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள், அதனால்தான் மரியாதை கொடுத்துப் பேசுகிறாள் என்று நினைத்தேன். அடுத்த முறையும் ‘நீங்க’ என்றாள். அதற்கடுத்த முறையும்.

மாதத்துக்கு ஒரு தடவையாவது பேசுகிறோம். புது விதி ஏதாவது வந்தால் அவள்தான் முதலில் கூப்பிட்டுச் சொல்கிறாள். விஷயத்தைச் சொல்லி முடித்ததும், “சரிங்க, வச்சிடறேன்” என்கிறாள்.