ரோசம் கெட்ட ரோஜா

சோளக்காடு சுற்றுவட்டாரத்தார் சகலருக்கும் இதனால் தெரிவிப்பது: வெள்ளையம்மா அக்காவின் தோட்டத்தில் மிச்சமிருக்கும் ஒரே பன்னீர் ரோஜாச் செடியில், இன்று காலை ஒரு துளிர் விட்டிருக்கிறது. அளவு, அரிசிமணி. வெட்டியவன் நான். திட்டியவனும் நான்.

அக்கா போன சேதியும் இப்படிச் செடியில்தான் தொடங்கியது. சூறைக்காற்று அடித்து ஓய்ந்த சாயங்காலம், அவர் வீட்டுக்கார மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார். “சில்வர் ஓக்கு உழுந்துருச்சு சாமி. ரோசாவெல்லாம் போச்சு” என்றார். அப்புறம்தான், “அவளும் அடியில கெடக்கறா” என்றார். மிளகுக்கொடியோடு மரத்தை அறுத்துப் புரட்டினோம். அக்காவின் பிடியில் அரிவாள் இருந்தது. விழுகிற மரத்தை வெட்டப் போயிருக்கிறார் என்கிறது ஊர். அவரைத் தெரிந்த நீங்கள் வேறெதையும் நம்ப மாட்டீர்கள்.

கவாத்து என்று புத்தகத்தில் போட்டிருக்கும். அக்கா செய்தது அடிதடி. மழை ஓய்ந்ததும் அரிவாளோடு இறங்குவார். இடுப்பளவுச் செடி முழங்காலுக்கு வந்துவிடும். வெட்டுக்கு ஒரு திட்டு. “மூட்டை மூட்டையா எருவைத் தின்னுபோட்டு, மூணு பூவா குடுக்கற? மானங்கெட்ட நாயே!” பஸ்ஸுக்கு நிற்பவர்கள் தங்களைத்தானோ என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

“செடியை ஏனுங்க்கா திட்டறீங்க?” என்று கேட்டேன்.

“ரோசம் வந்தாத்தான்டா ரோசா வரும்.”

தை மாதம் அந்த வாசனை பஸ் ஸ்டாப் வரை வந்து மோதும்போது, யார் மறுத்துப் பேசுவது?

ஒருமுறை, வெட்டி மொட்டையாய் நின்ற குச்சிகளில் பிளாஸ்டிக் ரோஜாக்களைக் கட்டிவைத்தேன். “ஏனுங்க, ஓடியாங்க! ஒரே ராத்திரில ரோசம் வந்துருச்சு!” என்று அக்கா கத்தியது எனக்குக் கேட்டது. பிறகு மோந்து பார்த்திருக்கிறார். வேறு யாரையும் சந்தேகப்படவே இல்லை. அதில் எனக்குப் பெருமைதான். நான் ஏறியிருந்த பஸ்ஸை மறித்து, ஜன்னல் வழியாகக் காலரைப் பிடித்து இழுத்து அறைந்தார். கண்டக்டர் விசில் ஊத மறந்துபோனார்.

“என்னையக் கேலி பண்ணு. செடியப் பண்ணாத.”

காட்டுப்பன்றி புகுந்த அன்று நானும் அங்கே இருந்தேன், பலாமரத்தின் மேல். அக்கா கடப்பாரையோடு கீழே நின்றார். “பன்னிக்குப் பன்னீர் கேக்குதா!” என்று ஒரே போடு. பன்றி அவர் தொடையைக் கிழித்துவிட்டு, ரத்தம் ஒழுகும் மூக்கோடு ஓடியது. தையல் போடும்போது அக்கா கேட்டது இதுதான்: “செடி பொழச்சுதாடா?”

அந்தச் செடிகளெல்லாம் சூறையில் விழுந்த சில்வர் ஓக்கின் அடியில் நசுங்கின. பிளந்துபோன ஒன்று மட்டும் நின்றது.

“வெட்டி உடலீன்னா இதும் செத்துரும்” என்றார் மாமா. “எனக்குக் கை வரலை சாமி. அவகிட்ட ஊர்ப்பட்ட திட்டு வாங்குனவன் நீதான். நீ வெட்டு.”

அக்காவின் அரிவாளை என்னிடமே கொடுத்துவிட்டார். அக்காவின் வசவுகள் எனக்கு முன்பே மனப்பாடம். அத்தனையையும் சொல்லித் திட்டித் திட்டி வெட்டினேன், அந்த ரோசத்தில்தான் துளிர்த்தது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

நடந்தது வேறு. அரிவாளை ஓங்கியதும் ஒரு வசவும் வாயில் வரவில்லை. முதல் வெட்டிலிருந்து கடைசி வெட்டு வரை, “வலிக்குதா கண்ணு, வலிக்குதா கண்ணு” என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ரோசம் கெட்ட செடி, அதற்கும் துளிர்த்துவிட்டது.