ஒரு முழம் தள்ளி நட்ட முளை

வானத்தைப் பற்றி எழுத எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒரு கடிதம் எழுதுவதென்றால்கூட இரண்டு முறையாவது கிழித்துப் போட்டுவிட்டுத்தான் எழுதுவேன். நிலாவிலிருந்து கல் எடுத்து வந்து ஆராய்கிறார்கள் என்று இப்போது பத்திரிகைகளில் படம் போடுகிறார்கள். அதைப் பற்றி என் பிள்ளைகள் பேச ஆரம்பித்தால் நான் மெல்ல எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன். ஏன் என்று அவர்கள் கேட்டதில்லை. கேட்டாலும் எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன். தப்பிருந்தால் படிப்பவர்கள் பெரிய மனது பண்ண வேண்டும்.

எங்கள் ஊர் ராசிபுரத்துக்குப் பக்கம். நெசவுக்காரத் தெரு. யுத்தம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பு. எனக்குப் பத்து வயது. விடிந்ததும் தெருவில் பாவு போடுவார்கள். தறிக்குப் போகவேண்டிய நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுமுன் உலர்த்திவிட வேண்டும். மாசி மாதத்தில் ஒரு நாள் அப்படிக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தபோது, கிழக்கேயிருந்து ஒரு வெளிச்சம் எங்கள் தலைக்கு மேலே ஓடி மேற்கே இறங்கியது. சற்றுப் பொறுத்து வேட்டுப் போட்டதுபோல மூன்று சத்தம். வெளிச்சம் போன வழியெல்லாம் வெள்ளைப் புகை கோடு மாதிரி நின்றது.

தெருவே கையெடுத்துக் கும்பிட்டது. ஒருத்தி கஞ்சிப் பானையைக் கீழே போட்டாள். அப்பா மட்டும், "அது போவுது, பாவு காயுது பாருங்க! கஞ்சியத் தடவுங்க!" என்று கத்தினார்.

சித்தப்பா கும்பிடவும் இல்லை, கஞ்சி தடவவும் இல்லை. அப்பாவின் தம்பி அவர், சேலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு, மேலே படிக்க வழியில்லாமல் தறியில் உட்கார்ந்தவர். பாவுக் கயிறு கட்டும் கல் தூண் ஒன்று தெரு நடுவில் உண்டு. அங்கே ஓடிப்போய் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். என் கையில் ஒரு குச்சியைக் கொடுத்து இருபது அடி தள்ளிப் போகச் சொன்னார்.

"வடக்க போ சாமி. இன்னுங் கொஞ்சம். அய்யோ, அவ்வளவு வேண்டாம்! திரும்பு. நில்லு, அசையாத!"

தூணும் என் குச்சியும் புகையின் அடியும் ஒரே நேராக வந்த இடத்தில் ஒரு முளையை அடித்தார். பிறகு புகை கலைந்துவிட்டது. முளை நின்றது.

விழுகிற கற்களை ஆராய்கிற பேராசிரியர் ஒருவர் சென்னையில் இருந்தார். அவருடைய கட்டுரையைச் சித்தப்பா எங்கோ படித்திருந்தார். அவருக்கு எழுதினார். பத்தாம் நாள் பதில் வந்தது. சங்ககிரி ரயில் நிலையத்தில் ஒரு போர்ட்டரும் அதைப் பார்த்தாராம். கைகாட்டி மரத்துக்கு நேர் பின்னால் இறங்கியதாம். அங்கிருந்து ஒரு கோடு, எங்கள் முளையிலிருந்து ஒரு கோடு, இரண்டும் வெட்டுகிற இடத்தில் கல் கிடக்கும். வந்த வழி தெரிந்து, கல்லும் கிடைத்தால், அது ஆகாயத்தில் எங்கேயிருந்து புறப்பட்டது என்று கணக்குப் போடலாம். நம் நாட்டில் யாரும் இன்னும் அப்படிச் செய்ததில்லை என்று எழுதியிருந்தார். கடைசியில் இரண்டு வரி: கல் கிடைத்தால் என்னோடு சென்னைக்கு வா. கருவிகளைப் பார்த்துக்கொள்ள உன்னைப் போல் ஒருவன் எனக்கு வேண்டும்.

அந்தக் கடிதத்தைச் சித்தப்பா சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். ஒரு பாவு தடவி முடிப்பதற்குள் இரண்டு முறை எடுத்துப் பார்ப்பார்.

"ஊருல ஆடு கட்ட முளையடிப்பாங்க. இவன் பொகையக் கட்ட அடிச்சு வெச்சிருக்கறான்" என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஆனால் தம்பி கெஞ்சியதற்காகப் பாவையே ஒரு முழம் தள்ளிப் போட ஒத்துக்கொண்டார். அதனால் சித்தப்பாவின் முளைக்கு ஒரு முழம் வடக்கே, பாவுக்காகப் புதிதாக ஒரு முளை அடித்து, பாவு முடிந்ததும் பிடுங்கினார்கள். பகல் நேரத்தில் முளைக்குக் காவல் நான். பள்ளிக்கூடத்தில் அம்மை விடுமுறை.

முளை காட்டும் திசையை அளக்கப் பேராசிரியர் வியாழக்கிழமை வருவதாக இருந்தது. புதன்கிழமை மேச்சேரியிலிருந்து அத்தை வந்தாள். எனக்கென்று ஒரு செம்மறிக் குட்டி கொண்டுவந்தாள். சிவப்புக் குட்டி, காது சின்னது. மத்தியானம் அதை வைத்துக்கொண்டு முளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தாகம் எடுத்தது. குட்டியை எங்கே கட்டுவது? எதிரில் முளை இருந்தது. முளை என்றால் கட்டத்தானே. கட்டிவிட்டு உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

குட்டியும் இல்லை, முளையும் இல்லை. தெருக்கோடியில் குட்டி கஞ்சிப் பானையை நக்கிக்கொண்டிருந்தது. கயிற்றின் நுனியில் முளை புழுதியில் கிடந்தது. எல்லா வீட்டிலும் தறிச் சத்தம். ஒருவரும் பார்க்கவில்லை.

எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். எங்கள் தெருவில் தரை முழுக்கக் குழிதான். எத்தனையோ வருஷப் பாவு முளைகள். பழைய குழிகள் தூர்ந்திருந்தன. புதிதாக இரண்டு தெரிந்தன, ஒன்றுக்கொன்று ஒரு முழம். எது நம்முடையது? மாறி மாறிப் பார்த்தேன். ஆழமாகத் தெரிந்ததில் முளையை வைத்து ஒரு கல்லால் தட்டினேன். காலால் மண்ணைத் தள்ளி, மற்றக் குழியை மூடினேன். தப்பாக இருந்தாலும் ஒரு முழம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பேராசிரியர் மூன்று கால் வைத்த பித்தளைக் கருவியோடு மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். தூணில் இருந்து முளையை வெகுநேரம் பார்த்தார். "அன்றைக்கு அடித்த இடத்திலேயேதான் இருக்கிறதா?" என்று கேட்டார்.

சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "யாரும் தொடலையே, சாமி?"

"இல்லீங்க."

பேராசிரியர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் குறிப்புப் புத்தகத்தில் எண்ணை எழுதினார்.

வரைபடத்தில் இரண்டு கோடும் வெட்டிய இடம் பதினாலு மைல் தள்ளிச் சோளக்காடாக இருந்தது. பத்து ஆட்களோடு அங்கே போய் மூன்று நாள் தேடினார்கள். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்போது வெறுங்கையாகத் திரும்பினார்கள். அறுத்த சோளத் தட்டை குத்திச் சித்தப்பாவின் கால் இரண்டும் கீறியிருந்தன. பேராசிரியர் நல்லவர். கல் சில சமயம் தூளாகிவிடும் என்று ஆறுதல் சொன்னார். சென்னையைப் பற்றி அவர் பேசவில்லை, சித்தப்பாவும் கேட்கவில்லை.

சாப்பிட உட்கார்ந்தபோது அப்பாதான் ஆரம்பித்தார். "என்னடா, ஆகாசத்துக் கல்லு ஆப்புட்டுச்சா?"

"இல்லீங்கண்ணா. என்ற கண்ணுதானுங்க தப்பு. பொகையோட அடிய நான் சரியாப் பாக்கல."

அப்பா அதற்குமேல் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால்கூட எனக்கு அழுகை வந்திருக்கும், அழுதால் சொல்லியிருப்பேன். நான் தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுபோய்ச் சித்தப்பா பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். சொன்னால் அடி விழும் என்ற பயம். அதோடு, ஒரு முழம் எங்கே போனாலும் ஒரு முழம்தான் என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தேன்.

என் மூத்த பையன் கணக்கு நோட்டில் ஒரு புள்ளியிலிருந்து இரண்டு கோடு இழுத்ததைப் பார்த்த அன்றுதான் எனக்குப் புரிந்தது. போகப் போக இரண்டும் விலகிக்கொண்டே போயின. அவனையே கணக்குப் போடச் சொன்னேன். இருபது அடியில் ஒரு முழம் தள்ளினால் பதினாலு மைலில் எவ்வளவு? ஒரு மைல் என்றான். எதற்கும்மா என்று கேட்டான். சும்மாதான் என்றேன்.

அதைவிடப் பெரிதாக அன்று நான் புரிந்துகொள்ளாதது ஒன்று உண்டு. சித்தப்பாவுக்கு என் வார்த்தைமேல் கடைசிவரை சந்தேகம் வரவில்லை. அதனால் தம் கண்ணையே சந்தேகப்பட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு பாவு நேராக இருக்கிறதா என்று தெருவில் யார் கூப்பிட்டுக் கேட்டாலும், "வேற ஆளப் பாத்துக் கேளுங்க, எனக்குக் கண்ணு பத்தாது" என்று சொல்லிவிடுவார். அப்போது அவருக்கு இருபத்து நாலு வயதுகூட ஆகவில்லை. போன ஆவணியில் அவர் காலமானார். நான் சொல்லவே இல்லை.

தேடித் திரும்பிய மறுநாள், திங்கட்கிழமை காலை பேராசிரியர் சேலத்துக்குப் பஸ் ஏறினார். சித்தப்பா பித்தளைக் கருவியைத் தூக்கிக்கொண்டு கூடவே போய் ரயில் ஏற்றிவிட்டார். சாயங்காலம் வரும்போது எனக்கு ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் வாங்கி வந்தார். நான் தின்றேன்.