யாரும் சாகாத அறை

அந்த இரும்புக் கட்டில் நாலு பேர் தலையில் ஏறித்தான் மேலே வந்தது. வடகவுஞ்சியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஜீப் பாதை முடிந்துவிடும். அதற்கப்புறம் பளியர் குடியிருப்புவரை ஒற்றையடிப் பாதைதான். கட்டிலைக் கழற்றிக் கொண்டுபோகலாம் என்று நான் ஸ்பானரும் கையுமாக நின்றேன். "நீங்க கழட்டி முடிக்கிறதுக்குள்ள நாங்க போய்ச் சேந்துருவோம் பாய்" என்று சொல்லித் தலையைக் கொடுத்தாள் ஒருத்தி. நாலு பேரில் அவள் ஒருத்திதான் பெண். நாங்கள் அவளை அக்கா என்று கூப்பிடுவோம்.

நான் கொடைக்கானல் பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருந்தவரின் மகன். வியாபாரம் எனக்குக் கைவரவில்லை. மருந்தாளுநர் படிப்பு முடித்து, மலைக்குடிகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டேன். அந்தக் குடியிருப்பில் ஒற்றை அறைக் கட்டடம் ஒன்றை எங்கள் நிறுவனம் கட்டியது. நர்சும் மருந்தும் சுகாதாரத் துறையின் பொறுப்பு. பெயர்ப்பலகையில் யார் பெயர் மேலே வருவது என்று இரண்டு தரப்புக்கும் வாரக்கணக்கில் இழுபறி நடந்தது. அரசாங்கம் அனுப்பிய நர்சம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஏங்க, பலகைக்கா பிரசவம் பாக்கப் போறோம்? எதையாச்சும் எழுதித் தொலைங்க, சோலியப் பாப்போம்" என்றார். அவர் ஆயக்குடிக்காரர். திங்கட்கிழமை வரும்போதெல்லாம் பை நிறையக் கொய்யா இருக்கும். ஊசி போட்டு அழும் பிள்ளைகளுக்கு ஒன்று கொடுப்பார், அழாமல் என்னிடம் வாயடிக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு.

அந்த அறை வருவதற்கு அக்கா பட்ட பாட்டை நான் அறிவேன். அவளுடைய மூத்த மகளுக்குத் தலைப்பிரசவத்தில் சிக்கலாகி, கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். ஜீப் பாதையைத் தொடுவதற்குள் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஜீப் எங்கே நின்றாலும் அக்கா வந்து முன்னால் நிற்பாள். "இங்கயே ஒரு எடம் போட்டுக் குடுங்க. எளையவளயாச்சும் நான் தூக்கிட்டு ஓடாம இருக்கணும்" என்பாள். கட்ட ஆரம்பித்ததும் மணல் சுமந்தாள். இளையவள் உண்டானதும் அந்தக் கட்டிலைத் தினமும் போய்த் துடைத்துவிட்டு வந்தாள்.

அவளுக்கே காசநோய். ஒரு தடவை மாத்திரை சாப்பிட்டுக் குணமாகி, மறுபடி வந்தது. அந்த ஐப்பசி மழையில் நோய் முற்றிவிட்டது. கீழே மண் சரிந்து ரோடு அடைத்துக் கிடந்தது, ஆம்புலன்ஸ் ஏற வழியில்லை. முந்தின நாளே மேலே வந்து மாட்டிக்கொண்ட நர்சம்மாவும் நானும் அவளை அந்த அறையில் படுக்கவைத்து ஆக்ஸிஜன் கொடுத்தோம். இளைய மகள் நிறைமாத வயிற்றோடு வாசலுக்கு வெளியே குந்தியிருந்தாள். உள்ளே வரச் சொல்லி நான் கூப்பிட்டும் அவள் வரவில்லை.

காரணம் எனக்கு அப்போது பிடிபடவில்லை. அந்தக் குடியிருப்பில், ஒருவர் மூச்சு அடங்கிய வீட்டில் மற்றவர்கள் பிறகு தங்குவதில்லை. புல் வேய்ந்த குடிசையாக இருந்தவரை, அதை விட்டுவிட்டு வேறொன்று போட்டுக்கொண்டார்கள். அரசாங்கம் கட்டிக் கொடுத்த சிமென்ட் வீடு ஒன்றில் ஆடு கட்டியிருந்ததைப் பார்த்து நான் எரிச்சல்பட்டதுண்டு. அங்கே ஒரு ஆள் இறந்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அறை கட்டத் திட்டம் போட்ட எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. நோயாளி வருவார், குணமாவார், போவார் என்று மட்டும் நினைத்திருந்தோம்.

மதியம்போல அக்கா முகமூடியை விலக்கினாள். "நர்சம்மா, என்னைய வெளிய கொண்டு போட்டுருங்க."

"பேசாமக் கெடங்க. ஒண்ணும் ஆகாது."

"ஆகும். எனக்குத் தெரியுது. நான் இதுக்குள்ள கண்ண மூடுனா எம் மக இந்த வாசப்படிய மிதிக்க மாட்டா. ஒருத்தியும் மிதிக்க மாட்டா. அப்பறம் இத எதுக்குக் கட்டுனோம்?"

நர்சம்மா வாசலைப் பார்த்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அதிலேயே பதில் இருந்தது. "வெரசா எடுங்கம்மா" என்று அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மழ தூறுது. ஆளக் கொல்லப் போறீங்களா?" என்று கத்தினேன். நர்சம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. சிலிண்டரின் கழுத்தைப் பிடித்துச் சாய்த்துக்கொண்டு, "படுக்கையோட சேத்துத் தூக்குங்க" என்றார்.

பலாமரத்தடியில் தார்ப்பாய் கட்டி, ஆக்ஸிஜனும் விடாமல் கொடுத்தோம். சாயங்காலத்துக்குள் அக்கா போய்விட்டாள். அவள் தலை இளையவளின் மடியில் இருந்தது.

மண் அள்ளும் வேலைக்கு நடுவில் அன்று மேலே ஏறி வந்த ரோடு வேலைக்காரர்களில் யாரோ செல்போனில் படம் எடுத்திருக்கிறார்கள். பின்னால் புதுக் கட்டடம், முன்னால் மரத்தடியில் ஆக்ஸிஜன் குழாயோடு ஒரு பெண். படம் ஊரெல்லாம் சுற்றியது. விசாரணை வந்தது. கட்டடம் இருக்க நோயாளி ஏன் வெளியே என்று எங்கள் நிறுவனம் துறையைக் கேட்டது, துறை நிறுவனத்தைக் கேட்டது. பலகையில் பெயர் போடவே ஒத்துப்போகாதவர்கள், குற்றம் நர்சம்மாவுடையது என்பதில் ஒரே நாளில் ஒத்துப்போனார்கள். நடந்ததை நான் சொன்னேன், மகளும் சொன்னாள். "அவங்க கேட்டாங்க, செஞ்சேன்" என்பதற்குமேல் நர்சம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அவரைச் சமவெளியில் ஏதோ ஒரு மூலைக்கு மாற்றிவிட்டார்கள்.

அடுத்து வந்த நர்ஸ் கையில், அதே கட்டிலில், இளையவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதற்குப் பிறகு அங்கே எத்தனையோ பிரசவம் ஆகிவிட்டது. பள்ளங்கிப் பக்கத்திலிருந்துகூட உறவுக்காரப் பெண்கள் வந்து தங்கிப் பெற்றுக்கொண்டு போகிறார்கள்.

இதையெல்லாம் சொல்லத்தான் போன மாதம் ஆயக்குடிக்குப் போனேன். நர்சம்மா ஓய்வுபெற்றுவிட்டார். முழங்கால் வலி, நடை தளர்ந்திருக்கிறது. இளையவளின் பெண் பள்ளிக்கூடம் போகிறாள் என்றதும் முகம் கொஞ்சம் மலர்ந்தது. விசாரணையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாய், ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நான் சிலிண்டரயே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். நீங்கதான அவங்க பக்கத்துல இருந்தீங்க. அவங்களுக்குக் குளுந்துச்சா?"

அக்காவின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"இல்லைங்கம்மா," என்றேன். "குளிரல."