பதினேழா, பதினெட்டா, இருபத்து மூன்றா

காலை 7.40. தஞ்சாவூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டரையும் ரயிலில் நின்றபடியே கடந்து திருச்சி ஜங்ஷனில் இறங்கினேன். கல்லூரியில் மானிடவியல் நடத்துகிறவள் நான். மனிதர்களை இத்தனை நெருக்கத்தில் பார்க்க வேறு இடம் ஏது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கால்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

வந்தது செல்வமணிக்காக. போன வருடம் அரியமங்கலம் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பெண்களிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர்களில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் செல்வமணி, அறுபதை நெருங்குபவர், என் படிப்பைப் பற்றிக் கேட்டார்.

"அளக்கிற படிப்பாங்க? எங்கப்பாவையும் அளந்தாங்களாம். போட்டோகூட எடுத்தாங்கன்னு அம்மா சொல்லும். அது எங்கயாச்சும் இருக்குமா?"

அவருக்கு இரண்டு வயதாகும்போது, ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த அப்பா முப்பது வயதுகூட ஆகாமல் இறந்துவிட்டார். வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. அன்றிலிருந்து தேடினேன்.

9.00. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம். தேடியதில், அளந்த பேராசிரியர் யாரென்று தெரிந்தது; அவர் இன்று உயிரோடு இல்லை. வடக்குச் சித்திரை வீதியில் இருக்கும் அவருடைய மகன், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தார்.

"வாங்கோ. அப்பா பரமபதிச்சப்புறம் இதை யாரும் கேட்டதில்லை."

பெட்டியில் மேலாக, வயல்களில் பொறுக்கிய பழைய பானை ஓடுகள். ஒவ்வொன்றிலும் எந்த ஊர், எந்த வயல், எந்த மூலை என்று பொடி எழுத்தில் மையால் பேராசிரியர் குறித்திருந்தார். அடியில் அளவு நோட்டும் புகைப்படங்களும். தலை நீளம், மூக்கு அகலம், தோல் நிறம், வயது, தொழில், ஊர் எல்லாம் இருந்தன. பெயர் மட்டும் இல்லை. ஆட்களுக்கு எண்தான். பானை ஓட்டுக்கு இருந்த விலாசம் உயிரோடு நின்ற மனிதனுக்கு இல்லையே என்று எனக்குக் கோபம் வந்தது; வாய்விட்டே சொன்னேன்.

"அந்தக் காலத்துல அதுதான் சயின்ஸ்னு நினைச்சா. அப்பா மேல தப்புங்கறேளா?"

"அவர் ஒருத்தர் மேல இல்லைங்க. எங்க படிப்பே அப்படித்தான் நடந்துச்சு. இப்ப கேட்டு, பேசி, சம்மதம் வாங்கிட்டுத்தான் எழுதுறோம்."

அவர் நோட்டையும் படங்களையும் பெட்டிக்குள் வைத்து மூடினார். பிறகு, "பெட்டியோட எடுத்துண்டு போங்கோ" என்றார்.

12.15. அரியமங்கலத்துக்கு ஆட்டோ, 250 ரூபாய். பத்து கிலோமீட்டர் இருக்கும். மலைக்கோட்டைப் பக்கம் நெரிசலில் அரை மணி நேரம் போனது. அந்த நேரத்தில் மடியில் நோட்டை விரித்துச் சலித்துப் பார்த்தேன். அரியமங்கலம், ஜல்லி உடைக்கும் வேலை, வயது முப்பதுக்குள்: 17, 18, 23. மூன்று பேர்.

1.10. சாப்பாட்டு நேரம். செல்வமணி கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு மூன்று படங்களையும் வாங்கினார். மூவரும் சட்டையில்லாமல் கேமராவை முறைத்தபடி நின்றார்கள்.

"இதுல யாருங்க?"

"தெரியலைங்க. பேர் எழுதாம விட்டுட்டாங்க. அம்மாவோ சொந்தக்காரங்களோ யாராச்சும் இருந்தா..."

"யாரும் இல்லைங்க." சற்று யோசித்தவர், நோட்டைக் காட்டினார். "மூக்கு அளவு இருக்குன்னீங்களே. என் மூக்கை அளந்து பாருங்களேன். யாரோடதோட ஒத்துப்போகுதுன்னு தெரிஞ்சிரும்ல?"

மூக்கை அளந்து மனிதரைத் தீர்மானிக்க முடியாது என்று இருபது வருடமாக வகுப்பில் சொல்லி வருகிறேன். அதையே இவரிடம் சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னேன்.

"அதை வச்சு அப்பாவைக் கண்டுபிடிக்க முடியாதுங்க."

படங்களைத் திரும்பத் திரும்ப மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு மூன்றையும் ஒன்றாக அடுக்கிச் சாப்பாட்டுப் பையில் வைத்தார்.

"மூணையும் மாட்டிக்கிறேங்க. மத்த ரெண்டு பேரும் அப்பாகூட ஜல்லி உடைச்சவங்கதானே. அவங்களைத் தேடியும் யாரும் வரலை பாருங்க."

மாலை 5.30. திரும்பும் பஸ்ஸில் காட்டூர் தாண்டியதும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கிளம்பும்போது செல்வமணியிடம் அப்பாவின் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்திருந்தேன். நோட்டைத் திறந்தேன். பெயருக்கென்று அதில் கட்டமே போடவில்லை. ஓரத்தில், மூன்று எண்களையும் சேர்த்து ஒரு கோடு இழுத்து, பென்சிலால் எழுதினேன்: இவர்களில் ஒருவர் சின்னையன். மூவர் படமும் அவர் மகள் வீட்டில் இருக்கிறது.