தறி நின்ற வீடு

ஒருத்தி என்னை நம்பிச் சொன்னதை நான் வெளியே சொல்லிவிட்டேன். அதுவும் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு.

படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்குத் துணையாக, திருத்தணியிலிருந்து வீடு வீடாகப் போகும் சமூகப் பணியாளர் நான். கேட்டதை வெளியே விடக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு அந்தப் பாடத்தை நடத்துவதும் நான்தான்... சிரிக்காதீர்கள்.

பொதட்டூர்பேட்டையில் கஸ்தூரி. கணவருக்குப் பக்கவாதம். முன்னறையில் விசைத்தறி, அடுத்த அறையில் அவர் கட்டில். நான் போனால் அவள் தறியை ஓடவிடுவாள். அந்த இரைச்சலில்தான் மனம்விட்டுப் பேசுவாள். அவர் காதுக்கு எட்டாது.

ஒருநாள் தறி தடதடத்துக்கொண்டிருக்க, என் காதருகே குனிந்தாள்.

"அக்கா, இவரு போய்ட்டாத் தேவலைன்னு சில நாள் தோணுது. சோறு ஊட்டிகினே தோணுது. நான் இன்னா பொம்பளக்கா?"

களைத்துப்போனவர்கள் எத்தனையோ பேர் சொல்வதுதான். அதை அவளிடமே சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு சற்று உட்கார்ந்திருந்தால் போதும். செய்தேனா? இல்லை. உடனே எதையாவது சரிசெய்து காட்ட வேண்டும் எனக்கு.

கணவரின் தங்கை அதே ஊர்க்காரி. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து மலையேறுகிறவளுக்கு, இரண்டு தெரு தாண்டி வந்து அண்ணனைப் பார்த்துக்கொள்ள முடியவில்லையாம். எனக்குக் கோபம் வந்தது. கஸ்தூரி எந்த நிலையில் இருக்கிறாள் என்று புரியட்டும் என, அவள் சொன்னதை அந்தத் தங்கையிடம் அப்படியே சொல்லிவிட்டேன்.

அன்று மாலையே தங்கை வந்தாள். அண்ணன் கட்டிலருகே உட்கார்ந்து அதையும் சொன்னாள்.

அதன்பின் அவர் கஸ்தூரி கையால் சாப்பிடுவதில்லை. வாயை இறுக மூடிக்கொள்கிறார். தங்கை வந்து ஊட்டினால்தான் திறக்கிறார். நான் கேட்ட உதவி கிடைத்துவிட்டது!

அடுத்த முறை என்னைப் பார்த்ததும் கஸ்தூரி தறியை நிறுத்தினாள்.

"எப்படி இருக்காரு?" என்றேன்.

"நல்லா கீறாருங்க மேடம்."

"நீ?"

"எனக்கின்னாங்க. நல்லாத்தான் கீறேன்." அடுத்த அறைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அந்த அமைதியில் அதுவும் அவர் காதில் விழும்... அப்படியென்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுந்துவிட்டேன். வெட்கம்தான், வேறென்ன?

இன்றும் போகிறேன். தெருமுனை வரை அவள் தறியின் சத்தம் கேட்கிறது. வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போது நின்றுவிடுகிறது.