தள்ளி விழுந்த புள்ளிகள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, தோலில் இருக்கும் குறைகளைக் கம்ப்யூட்டரில் குறிக்க ஒரு புரோகிராம் எழுதுவது. கேமரா தோலைப் படம் எடுக்கும். உண்ணி கடித்த தழும்போ முள் கீறலோ திரையில் தெரிந்தால் அந்த இடத்தில் மவுஸை வைத்து அழுத்த வேண்டும். சிவப்புப் புள்ளி விழும். கட்டிங் மெஷின் அந்த இடங்களை விட்டுவிட்டுத் துண்டு போடும்.

மவுஸைப் பிடிக்க, மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் ஓர் அக்காவை உட்கார வைத்தார்கள். வருஷக்கணக்காகத் தோல் பார்த்தவர். முதல் நாள் மவுஸைப் பயந்து பயந்து தொட்டார். ஒரே வாரத்தில் என்னைவிட வேகமாக அழுத்தினார்.

அடுத்த வாரம் தைத்து முடித்த ஷூக்களில் தழும்புகள் தெரிந்தன. மேனேஜர் ஒரு ஷூவைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"இன்னாம்மா பாக்கற நீ? கண்ணு தெரியலையா?"

"நான் கரெக்டாதான் சார் வச்சேன். நீங்களே பாருங்க." அக்கா ஒரு தழும்பின் மேல் அழுத்திக் காட்டினார். புள்ளி அதன் மேலேயே விழுந்தது.

"நான் நிக்கறப்ப ஒழுங்கா வைக்கிற. நான் அந்தாண்ட போனா?"

அன்று மதியமே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. என் மேஜையில் இருந்தது பெரிய திரை. படம் முழு அளவில் தெரியும். அக்காவுக்குக் கொடுத்தது பழைய சின்னத் திரை. அதில் படம் பாதியாகச் சுருங்கிவிடும். சுருங்கிய படத்தில் அழுத்திய இடத்தின் நீள அகலக் கணக்கை இரண்டால் பெருக்கினால்தான் முழுப் படத்தில் சரியான இடம் கிடைக்கும். நான் பெருக்கவில்லை. திரையில் புள்ளி சரியாகத் தெரிந்தாலும் மெஷினுக்குப் போனது தப்பான இடம். அவர் வைத்த குறிகளெல்லாம் தோலின் இடது மேல் பக்கமாகப் போய்க் குவிந்திருந்தன.

இரண்டு வரி சேர்த்தேன். அவருடைய பழைய குறிகளையும் பெருக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் குறையின் மேலேயே உட்கார்ந்திருந்தது. சில குறைகள் எனக்கு உற்றுப் பார்த்த பிறகுதான் தெரிந்தன.

மேனேஜரிடம் போனேன். என் வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் பாக்கி. "புரோகிராம இன்னும் கொஞ்சம் நல்லாப் பண்ணிருக்கேன் சார்" என்று மட்டும் சொன்னேன். முதுகில் தட்டிக்கொடுத்தார். மறுநாளே அக்காவைப் பசை ஒட்டும் பகுதிக்கு மாற்றிவிட்டு, டிப்ளமோ படித்த ஒரு பெண்ணை அங்கே உட்கார வைத்தார். அதன் பிறகு ஷூக்களில் தழும்பு வரவில்லை. வராமல் போனதே அக்காவின் மேல் விழுந்த பழியை உறுதியாக்கியது.

சில வாரம் கழித்து கேன்டீனில் அவராகவே என் எதிரில் வந்து உட்கார்ந்தார். விரல்களில் பசை காய்ந்து தோல் தோலாக உரிந்துகொண்டிருந்தது.

"அந்தப் பொண்ணு நல்லா வைக்குதாப்பா?"

"வைக்குதுக்கா."

"எனக்குத்தான் கை வரல. உன்னையும் பேஜார் பண்ணிட்டேன். மனசுல வச்சுக்காத."

"பரவால்லக்கா" என்றேன்.