'லைன் நிக்குது' பாட்டுக்கு நான் சொன்ன தீர்ப்பு

கம்பெனி வேன் ஓட்டுகிறவர்களுக்குப் பாட்டு விஷயத்தில் ஒரே கொள்கைதான். பென்டிரைவில் என்ன இருக்கிறதோ அது ஓடும். போன செவ்வாய்க்கிழமை குன்றத்தூரிலிருந்து காலை ஷிப்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். சாமி படத்துக்கு ஏற்றிய ஊதுபத்தியும் யாரோ கட்டிவந்த எலுமிச்சை சாதமும் சேர்ந்து வேனுக்குள் ஒரு வாசனை. திடீரென்று ஸ்பீக்கரில் ஒரு கிடார் 'பீப், பீப், பீப்' என்று மூன்று தடவை ஒலித்தது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. மற்ற பதினாறு பேரும் தொடர்ந்து தூங்கினார்கள்.

"இது யார் வாசிச்சதுப்பா?" என்று ஓட்டுநரிடம் கேட்டேன்.

"தெர்லண்ணா. முன்னாடி இருந்த டிரைவர் வுட்டுட்டுப் போன பென்டிரைவ். இன்னா, மாத்தட்டா?"

"வேணாம், ஓடட்டும்."

அந்தப் பாட்டு நான்கு நிமிடம் பத்து நொடி ஓடும். உண்மையில் அது நாற்பது நிமிடப் பாட்டு என்பது அந்த வேனில் எனக்கு மட்டும்தான் தெரியும். அது இடம்பெற்ற ஆல்பத்தைப் பற்றி இந்த உலகத்தில் ஒரே ஒரு விமர்சனம்தான் வந்திருக்கிறது. சொன்னவன் நான். ஆங்கிலத்தில் அது இரண்டு எழுத்து.

படிப்பு முடித்து விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து ஒரகடத்தில் ஒரு பிரேக் கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில், அதாவது கியூசியில், சேர்ந்தேன். ஒவ்வொரு பாகத்தையும் அளந்து பார்த்து, சரியாக இருந்தால் ஓகே, இல்லாவிட்டால் என்.ஜி. என்று பிரிப்பது என் வேலை. என்.ஜி. என்றால் தேறாதது. நாளாக நாளாக அது வியாதியாகி அறைக்கும் வந்துவிட்டது. மெஸ் இட்லியைப் பார்த்தால் விட்டம் சரியா என்று தோன்றும். ஒருமுறை பெண் பார்க்கப் போன இடத்தில் காபிக்கு மனசுக்குள் என்.ஜி. போட்டேன். அந்த வீட்டார் எனக்கே போட்டுவிட்டார்கள்.

சேரப்பணஞ்சேரியில் எனக்கு அறைத்தோழன் ஸ்டீபன். அவன் வெல்டிங் பிரிவு. எத்தனை தடவை துவைத்தாலும் அவன் சட்டையில் சுட்ட இரும்பு வாசனை போகாது. ஆணியில் சட்டை, அடுத்த ஆணியில் கிடார். கிடாருக்கும் அதே வாசனை வந்துவிட்டிருந்தது. இன்றைக்கும் எங்காவது வெல்டிங் பட்டறையைக் கடந்து போனால் எனக்குத் தீப்பொறி நினைவுக்கு வராது, கிடார்தான் வரும்.

அவனும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். டிரம்ஸ் ஏகாம்பரம், உள்ளூர்க்காரன். அவன் குடும்பம் நெல் போட்ட நிலத்தில் இப்போது ஒரு கம்பெனி நிற்கிறது. அந்தக் கம்பெனியிலேயே அவனுக்கு வேலை. கீபோர்டு எஸ்தர், ஸ்ரீபெரும்புதூரில் போன் பாகங்கள் பொருத்துகிற லைனில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் சபையில் வாசிப்பாள். யாருக்கும் பிடிக்காத இரண்டாவது ஷிப்ட்டை மூன்று பேரும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அப்போதுதான் காலையில் பயிற்சி செய்ய முடியும். மூன்று கம்பெனி சூப்பர்வைசர்களும் இவர்களைத் தியாகிகள் என்று நினைத்தார்கள். குழுவின் பெயரும் 'செகண்ட் ஷிப்ட்'தான்.

இவர்களுடைய புகழ் எங்கள் கம்பெனியின் ஓர் ஆயுதபூஜையன்று பிறந்தது. வேறு நாளில் லைன் நின்றால் ஆளாளுக்கு விளக்கம் எழுத வேண்டும். அன்று மட்டும் பொட்டு வைத்து நிறுத்துவோம். சரக்குத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்குக்கூட இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தது. கூரைக்கொட்டகையில் மேடை. சிறப்பு விருந்தினர் பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. பத்தரைக்கு அவர் இன்னும் விமான நிலையத்தை விட்டே கிளம்பவில்லை. குழுவுக்குத் தெரிந்தது ஆறு பாட்டு. ஆறும் முடிந்துவிட்டது. நிர்வாகத்து ஆள் ஒருவர் மேடைக்குக் கீழே நின்று, விரலைச் சுற்றிச் சுற்றி 'இழு, இழு' என்று காட்டிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பின்னால் நாற்காலி ஏற்றிய ஃபோர்க்லிஃப்ட் ரிவர்ஸில் வந்தது. பீப், பீப், பீப். ஸ்டீபன் அதை அப்படியே கிடாரில் எடுத்தான். ஜனங்கள் சிரித்தார்கள். அவன் நிறுத்தவில்லை. ஏகாம்பரம் மெதுவாகக் கீழே ஒரு தாளம் போட்டான். எஸ்தர் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு ஒற்றை விரலால் உள்ளே வந்தாள். அவ்வளவுதான். அந்த வருடம் பூஜைப் பரிசு எவர்சில்வர் டிபன் கேரியர். எல்லார் கையிலும் ஒன்று இருந்தது. நானூறு பேர் அதைத் தட்ட ஆரம்பித்தார்கள். வேகம் ஏறும், இறங்கும், சட்டென்று மூன்று பேரும் மௌனமாவார்கள், கேரியர் மட்டும் கேட்கும், பிறகு எங்கிருந்தோ கிடார் திரும்பி வரும். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவே. சிறப்பு விருந்தினர் வந்து இறங்கியபோது ஒருவரும் எழுந்து நிற்கவில்லை. அவரும் ஓரமாக நின்று கேட்டார்.

நான் கடிகாரம் பார்த்தவன். நாற்பது நிமிடம். மாத முடிவில் கேண்டீனில் அது ஒரு மணி நேரமாகியிருந்தது. பொங்கலுக்குள் ஒன்றரை மணி நேரம். அன்றைக்கு லீவில் ஊருக்குப் போயிருந்த ஒருவர் என்னிடமே வந்து, விருந்தினர் அழுததைப் பார்த்ததாகச் சொன்னார். அந்தப் பாட்டுக்கு 'லைன் நிக்குது' என்று பெயர் வந்தது. அப்புறம் மாதா கோயில் திருவிழா, வல்லக்கோட்டைப் பக்கம் கல்யாண வரவேற்பு, எங்கே போனாலும் "அந்த லைன் நிக்குது வாசிங்கப்பா" என்பார்கள். ஒரு தடவைகூட ஒரே மாதிரி இருந்ததில்லை. மின்சாரக் கம்பியில் தேர் சிக்கினால் அது விடுபடும் வரை ஓடும். மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட அவசரப்பட்டால் பன்னிரண்டு நிமிடத்தில் முடியும்.

இப்படிப்பட்டவர்களுக்கு ஆல்பம் போட ஆசை வந்தது. வடபழனியில் ஒரு ஒலிப்பதிவுக்கூடம் பிடித்தார்கள். வேலைநாளில் அங்கே போய்விட்டு ஷிப்ட்டுக்குத் திரும்ப முடியாது. வார விடுமுறையில்தான் போகவேண்டும். இங்கேதான் சிக்கல். ஏகாம்பரத்துக்கு விடுமுறை ஞாயிறு, ஸ்டீபனுக்குப் புதன், எஸ்தருக்கு வெள்ளி. மாற்றித் தர மூன்று கம்பெனியும் மறுத்துவிட்டன. ஒலிப்பதிவாளர், அதனால் ஒன்றுமில்லை, ஒவ்வொருவராக வந்து வாசியுங்கள், ஒட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். ஞாயிறன்று ஏகாம்பரம் தனியாகப் போய், காதில் 'டிக் டிக்' கேட்டபடி டிரம்ஸ் வாசித்தான். புதனன்று ஸ்டீபன் அதைக் காதில் மாட்டிக்கொண்டு தன் பங்கை வாசித்தான். வெள்ளியன்று எஸ்தர். நாங்கள் தனித்தனியாகச் செய்த பாகங்களைக் கடைசியில் ஒன்றாகப் பூட்டித்தானே வண்டி ஓடுகிறது? யாருக்கும் இதில் தவறு இருப்பதாகவே தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, ஸ்டீபன் ஒரு சிடியைக் கொண்டுவந்து என் கட்டிலில் வைத்தான்.

"மச்சான், கம்பெனில என்னை பர்மனென்ட் பண்றாங்களாம். வெள்ளிக்கெழம கையெழுத்து போடணும். போட்டா அஞ்சு வருஷத்துக்கு நவர முடியாது."

"நல்ல விஷயம்தானே?"

"இத கேளு. இது நல்லா கீதுன்னா நான் கையெழுத்து போடல. மெட்ராஸ் போயி கிடாரே பொழப்புன்னு பாத்துக்கறேன். என் காது எனக்கே பொய் சொல்லும். எஸ்தரும் ஏகாவும் என் மூஞ்சிக்காக நல்லா கீதுன்னுவாங்க. நீ தான் கியூசி. ஓகேவா என்ஜியா, அத்த மட்டும் சொல்லு."

மூன்று நாளில் ஒன்பது முறை கேட்டேன். குறிப்பேடு வைத்துக் குறையெழுதினேன். தாளம் பிசகவில்லை, சுருதி விலகவில்லை. அதுவே எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. கேரியர் இல்லை. ஃபோர்க்லிஃப்ட் இல்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. நடுநடுவே ஒன்றுமே நடக்காத இடைவெளிகள் வேறு இருந்தன. ஒரே பாட்டில் ஏழு எண்ணினேன். நாற்பது நிமிடத்தை நேரில் கேட்டவனுக்கு நான்கு நிமிடம் பத்து நொடி, திறந்து பார்த்த டப்பாவில் மூடி மட்டும் இருந்த மாதிரி இருந்தது.

வேறொரு விஷயமும் இருந்தது. அதை அப்போது எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. ஸ்டீபன் போய்விட்டால் அந்த அறையில் நான் தனி. அந்த ஊரில் எனக்கு நெருக்கமானவர்கள் வேறு யாரும் இல்லை.

வியாழக்கிழமை காலை அவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். "என்ஜி."

வாயைக் கொப்பளித்தான். "எங்க என்ஜி?"

"நீங்க மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் கேக்கவே இல்லடா."

"ஹெட்போன்ல கேட்டுக்கினுதான வாசிச்சோம்?"

"அதத்தான் சொல்றேன்."

கொஞ்ச நேரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு, "சரி, வா, மெஸ் மூடிருவான்" என்றான். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டான். அச்சடித்த சிடிகளை வேன் டிரைவர்களுக்கும் டீக்கடைகளுக்கும் சும்மா கொடுத்துத் தீர்த்தார்கள். இரண்டு வருடம் திருவிழாக்களில் வாசித்தார்கள். அப்புறம் எஸ்தருக்குக் கல்யாணமாகி மஸ்கட் போனாள். ஏகாம்பரத்தைக் கம்பெனி குஜராத்துக்கு மாற்றியது. சண்டையெல்லாம் இல்லை. குழு கலைந்ததாக யாரும் அறிவிக்கவும் இல்லை. இப்போது ஆயுதபூஜைக்கு வாடகை ஸ்பீக்கர் வருகிறது; சிறப்பு விருந்தினர்கள் நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள். அந்த நாற்பது நிமிடத்தை ஒருவரும் பதிவு செய்யவில்லை. எல்லார் கையிலும் கேரியர் இருந்தது.

நானும் ஸ்டீபனும் ஆளுக்கொரு குடும்பமாகி, ஆளுக்கொரு வேனில் போகிறோம். பதிமூன்று வருடம் கழித்து செவ்வாய்க்கிழமை அதைக் கேட்டபோது, ஒப்பிட என்னிடம் எதுவும் மிச்சமில்லை. அதனாலோ என்னவோ, பாட்டு நன்றாக இருந்தது. மிக நன்றாக இருந்தது. பாட்டு முடிவதற்குள் அவனுக்குப் போன் போட்டேன்.

"சீக்கிரம் சொல்லு. கேட்டுல நிக்கிறேன், போன லாக்கர்ல போடணும்."

"உன் பாட்டு ஓடுதுடா, வேன்ல."

"எந்தப் பாட்டு?"

ஓட்டுநரிடம் மறுபடி போடச் சொல்லி, போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டினேன். பின்சீட்டிலிருந்து ஒருவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். நான்கு நிமிடம் பத்து நொடி அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. கட்டாகிவிட்டதோ என்று இரண்டு தடவை திரையைப் பார்த்தேன்.

"டேய்," என்றான். "அங்கங்க சும்மா வுட்டுக் கீது பாத்தியா? எஸ்தர் எனக்கு எடம் வுட்டுக் கீதுடா. ஏகாவும் வுட்டுக் கீறான். நானும் வுட்டிருக்கேன், அவங்க வருவாங்கன்னு."

ஏழு இடம். நான் குறிப்பேட்டில் எண்ணி எழுதியது.

"நீ அப்பவே கேட்டிருப்பியே?" என்றேன்.

"மூணும் ஒட்டினப்புறம் நான் எங்க கேட்டேன்? சிடி வந்ததும் நேரா உன்கிட்டதான் குத்தேன். நீ என்ஜின்னுட்ட. அதுக்கப்புறம் எதுக்குக் கேக்கறது?"

இதற்குமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று சொல்லிவிட்டேன். "ஸ்டீபா, நீ ரூம வுட்டுப் போயிருவியோன்னு எனக்கு அப்போ பயம்டா. அதுவும் சேர்ந்துதான் அப்படிச் சொன்னேன்."

"அது எனக்கு அப்பவே தெரியும்டா," என்றான் ஸ்டீபன். கோபமே இல்லை. "ஆனா பாட்டும் நல்லால்லன்னுதான் இத்தினி வருஷமா நெனச்சிக்கினு இருந்தேன்."

பின்னால் யாரோ லாக்கரை மூடச் சொன்னார்கள். அவன் போனை வைத்துவிட்டு உள்ளே போனான்.